பித்தான் சொல்லும் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் மட்டுந்தாம் வரலாறு பேசும் என்று எண்ணிவிடலாகாது. பாட்டனாரின் தகரப் பெட்டியில் பழந்துணிகளுக்கிடையே கிடக்கும் ஒரு பித்தளைப் பித்தானும் பேசும். போர்ச்சுக்கீசியர் வழியே நம் மொழி பெற்ற சொல் ‘பித்தான்’. அந்தச் சிறுபொருளைக் கொண்டு ஒரு போர்வீரனின் படையையும் காலத்தையும் அறிய முயல்வது பலருக்குப் பொழுதுபோக்கு. காரைக்கால் மக்களாகிய நமக்கோ அது குடும்ப வரலாறு.

1739இல் சந்தா சாகிபின் துணையோடு காரைக்காலைப் பெற்றனர் பிரெஞ்சுக்காரர். 1760இல் அதனை ஆங்கிலேயர் கைப்பற்றினர். பின்னர் பன்முறை கைமாறி, 1817இல் அது மீண்டும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்தது. 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது; 1962இல் சட்டப்படியும் அது நிறைவேறிற்று. இதற்கிடையே நம்மவர் பலர் பிரெஞ்சுப் படையில் ‘சொல்தா’வாகச் சேர்ந்தனர், சைகோன் வரை சென்று காவற்பணியிலும் அமர்ந்தனர். அவர்கள் அணிந்த சட்டைகள் மக்கிப் போயின, பித்தான்கள் எஞ்சின.

ஒரு பித்தான் கிடைத்தால் முதலில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். படைப்பிரிவின் எண்ணைப் பித்தானில் பொறிக்கும் வழக்கம் பிரான்சில் 1762ஆம் ஆண்டின் ஆணையாலும், பிரிட்டனில் 1767ஆம் ஆண்டின் ஆணையாலும் நிலைபெற்றது. அல்லிமலர் பிரான்சின் பூர்போன் மன்னர்களின் சின்னம்; கழுகு பேரரசின் சின்னம். ஆங்கிலப் பித்தானில் கிரீடத்தின் வடிவமே காலம் காட்டும்: விக்டோரியா அரசியின் கிரீடம் 1901உடன் மறைந்தது, அதன்பின் வந்த மன்னர்களின் கிரீடம் வேறு. 1950இல் குடியரசான இந்தியாவில் கிரீடம் நீங்கி அசோகச் சிங்கம் இடம்பெற்றது.

அடுத்து, பித்தானைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலர் மறந்துவிடுவது இதனைத்தான். செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் பின்புறத்திலேயே இருக்கும். ‘பாரி’ என்றிருந்தால் பிரான்ஸ்; ‘பர்மிங்ஹாம்’ என்றிருந்தால் இங்கிலாந்து. இலண்டன் நிறுவனங்கள் சில தம் முகவரியையும் பொறித்தன. அவை கடை மாற்றிய ஆண்டு தெரிந்தால் பித்தானின் வயதும் ஓரளவு தெரிந்துவிடும்.

இனி, ஊரின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காரைக்கால் வீடொன்றில் கழுகுப் பித்தான் கிடைத்தால், அது முதலாம் நெப்போலியன் காலத்தில் இங்கிருந்த காவற்படையினுடையது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அவன் ஆண்ட காலம் முழுதும் காரைக்கால் ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1852 முதல் 1870 வரை ஆண்ட மூன்றாம் நெப்போலியனும் கழுகையே கொண்டிருந்தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நங்கூரமும் நம்மை ஏமாற்றக்கூடும். துறைமுக ஊரினராகிய நாம், “பாட்டனார் கப்பலில் வேலை பார்த்தார்” என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டுக் காலாட்படை 1900 வரை கடற்படை அமைச்சின்கீழ் இருந்தது. பின்னரும் நங்கூரத்தை அது விடவில்லை. ஆகவே, நங்கூரம் அணிந்தவர் தரையில் துப்பாக்கி ஏந்திய சொல்தாவாகவும் இருந்திருக்கலாம். அழகுக்காக நங்கூரம் பொறித்த கடைப் பித்தான்களும் உண்டு, எச்சரிக்கை தேவை.

பெருநாளுக்குப் பாத்திரம் துலக்கும்போது இதனையும் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேற்பூச்சும் எழுத்தும் தேய்ந்தால் சாட்சியும் அழிந்தது. மென்துணியால் துடைத்தலே போதும். பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிடவும் வேண்டா.

எல்லாவற்றினும் மேலாக, வீட்டு மூதாட்டியிடம், “இது யாருடைய சட்டையில் இருந்தது?” என்று இன்றே கேளுங்கள். பித்தான் படையைச் சொல்லும், ஆண்டைச் சொல்லும். அணிந்தவரின் பெயரை அவர் ஒருவரே சொல்ல முடியும். அப்பெயரை ஒரு தாளில் எழுதிப் பித்தானோடு சேர்த்து வையுங்கள். நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம் அது.