படர்தாமரையும் எக்ஸ் கதிரும்

1895ஆம் ஆண்டில் யேர்மனியரான றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். பத்தாண்டு கழியுமுன் பாரிசு நகர வைத்தியர் சபூரோ, சிறுவர் தலையிற் பற்றும் படர்தாமரைக்கு அக்கதிரை மருந்தாக்கினார். கதிர்பட்ட மயிர் சில வாரங்களில் உதிரும். அதனோடு நோய் விளைக்கும் பூஞ்சணமும் நீங்கும். பின்னர் மயிர் மீண்டும் வளரும். ஆதலின் அம்முறை பல நாடுகளிற் பரவிற்று.

1948ஆம் ஆண்டின் பின் வட ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலுமிருந்து இஸ்ரேலிற் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இச்சிகிச்சைக்கு உட்பட்டனர். 1950களின் இறுதியிற் கிறிசியோபல்வின் என்னும் மருந்து வந்தபின் கதிர்ச் சிகிச்சை வழக்கொழிந்தது.

ஆயினும் அதன் விளைவு ஒழிந்திலது. கதிரேற்ற ஏறத்தாழ 11,000 பேரை ஏனையோருடன் ஒப்பிட்ட மோடன் குழுவினர், அவர்களிடையே தலை, கழுத்துக் கட்டிகள் மிகுந்திருத்தலை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1982ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அவர்கள் பரீட்சைகளிற் குறைந்த புள்ளி பெற்றமையையும் கல்வியை முன்னரே நிறுத்தியமையையும் காட்டிற்று. 1988ஆம் ஆண்டின் ஆய்வில் மூளையுறைக் கட்டி ஏறத்தாழ ஒன்பதரை மடங்காகக் காணப்பட்டது. 1994ஆம் ஆண்டில் இஸ்ரேல் நட்டஈட்டுச் சட்டம் இயற்றிற்று.

அவ்வைத்தியர் கொடியரல்லர், மயிர் முளைத்ததைக் கண்டு குணமென்றனர். வாரங்களால் அளந்ததைப் பல்லாண்டுகளால் அளந்திருத்தல் வேண்டும். அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் வகுப்பறையிற் சோம்பரெனக் கடியப்பட்டனரோ! ஆசிரியராகிய நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.