காந்தியடிகளும் ஆயுதச் சட்டமும்: ஒரு மேற்கோளின் முன்னும் பின்னும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடுவோர் துணைக்கு அழைக்கும் பெயர்களுள் காந்தியடிகளின் பெயரும் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கு இழைத்த தீமைகளுள், ஒரு நாட்டு மக்கள் அனைவரின் ஆயுதங்களையும் பறித்த சட்டத்தையே வரலாறு மிகக் கொடியதாகக் கருதும் என்னும் பொருள்பட அவர் எழுதிய வாக்கியத்தை அவர்கள் எடுத்தாளுகின்றனர். இந்தியாவில் உரிம விதிகளைத் தளர்த்தக் கோருவோரும் அதையே முன்வைக்கின்றனர். அகிம்சையைப் போதித்தவர் இவ்வாறு எழுதியிருக்க முடியாது என்று மறுப்போரும் உண்டு. ஆனால் மேற்கோள் உண்மையானது. சத்திய சோதனையின் ஐந்தாம் பாகத்தில், படைக்கு ஆள் திரட்டியதைப் பற்றிய அத்தியாயத்தில் அது இடம்பெற்றுள்ளது. எடுத்தாளுவோர் அதற்கு அடுத்த வாக்கியங்களைப் படிப்பதில்லை; மறுப்போர் அந்த அத்தியாயத்தையே படிப்பதில்லை.

அவ்வாக்கியம் முதலில் எழுதப்பட்டது 1918 ஜூனில். கேடா மாவட்டத்து உழவர்களின் வரிமறுப்புப் போராட்டம் அப்போதுதான் முடிவுற்றிருந்தது. ஏப்ரலில் டெல்லியில் வைஸ்ராய் செம்ஸ்போர்டு கூட்டிய போர் மாநாட்டில் கலந்துகொண்டு ஆள் திரட்டுதலை ஆதரித்திருந்த காந்தி, நடியாதைத் தலைமையிடமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றார். அப்போது வெளியிட்ட துண்டறிக்கையில்தான் ஆயுதச் சட்டத்தைப் பற்றிய அந்த வாக்கியம் வருகிறது. அச்சட்டம் நீங்க வேண்டுமானால், ஆயுதப் பயிற்சி பெற வேண்டுமானால், இதுவே நல்வாய்ப்பு; அரசின் இக்கட்டான வேளையில் நடுத்தர வகுப்பினர் தாமாக முன்வந்து உதவினால் அதன் அவநம்பிக்கை அகலும், தடையும் விலகும் என்பது தொடர்ந்து வரும் வாதம். கேடாவின் 600 ஊர்களும் ஊருக்கு 20 பேரைத் தந்தால் 12,000 பேர் கொண்ட படை உருவாகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். வரிமறுப்புக் காலத்தில் வண்டிகளை இலவசமாகத் தந்த அதே ஊர்களில் இப்போது வாடகைக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த முயற்சியினிடையே நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார்.

ஆக, அரசுக்கு எதிராகக் குடிமகன் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்னும் வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் வாக்கியம், அதே அரசின் படையில் சேருமாறு அழைக்கும் அறிக்கையில் பிறந்தது. இதை மட்டும் சொல்லி மேற்கோளை ஒதுக்கிவிடுவதும் பிழையே. ஏனெனில் அதன் பின்னால் நாற்பதாண்டு காலக் குறை ஒன்று இருந்தது.

அக்குறையின் பெயர் 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலத்தது. இந்திய மொழி இதழ்களை ஒடுக்கிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. பின்னதை 1882இல் ரிப்பன் நீக்கினார். ஆயுதச் சட்டம் நிலைத்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் மூன்றாண்டு வரையும், மறைத்து வைத்திருந்தால் ஏழாண்டு வரையும் சிறை. ஆயுதப் பறிப்பு அதனோடு தொடங்கியதன்று. தென்னாட்டில் பாளையக்காரர் போர்களின்போதே, 1799இலும் 1801இலும் கும்பினியார் வெளியிட்ட பிரகடனங்கள் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டன. 1857 எழுச்சிக்குப் பின் வடக்கிலும் அது நிகழ்ந்தது. 1878இல் உறுத்தியது வேறொன்று. அச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் ஐரோப்பியருக்கும் அவர்தம் கலப்பு வழியினருக்கும் விலக்களித்தன. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பிய உழவர் உரிமம் கேட்டு மனுப்போட வேண்டும். பக்கத்துத் தோட்டத்து வெள்ளையருக்கு அது தேவையில்லை.

காங்கிரசின் தொடக்ககாலத் தீர்மானங்களை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். 1886இல் கல்கத்தாவில் எழுந்த கோரிக்கை, தொண்டர் படைகளில் இந்தியரைச் சேர்க்க வேண்டும் என்பது. மறு ஆண்டு பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாடு ஆயுதச் சட்டத்தையே எடுத்துக்கொண்டது. இளைஞரான விபின் சந்திர பால் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார். மக்களின் விசுவாசத்தையும், சட்டம் அவர்கள்மீது சுமத்தும் தகாத களங்கத்தையும் சுட்டிக்காட்டியே தீர்மானம் தொடங்குகிறது. எவரும் ஆயுதம் வைத்திருக்கலாம். ஒருவரையோ ஒரு வகுப்பாரையோ அரசு விலக்குவதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து முறைப்படி வெளியிட வேண்டும் என்பது கோரிக்கையின் சாரம். கட்டுப்பாடே கூடாது என்று எவரும் கேட்கவில்லை. காரணம் காட்டும் பொறுப்பைக் குடிமக்களிடமிருந்து அரசுக்கு மாற்றவே கேட்டார்கள். இந்திய ஆயுதச் சட்ட வரலாற்றில் இதைவிடக் கூர்மையான சிந்தனை அதன்பின் எழுந்ததாகத் தோன்றவில்லை.

அமெரிக்க வாசகர் இதைத் தம் நாட்டு 1791ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தத்தோடு ஒப்பிடுகிறார். பொருத்தமான ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. வெள்ளையருக்கு அத்தடை இல்லை. லிட்டன் சட்டத்தின் நெருங்கிய உறவு அதுதான். சென்னையில் பேசியவர்களுக்குத் துப்பாக்கி இல்லை என்பதைவிட, தாங்கள் நம்பத்தகாதவர்கள் எனச் சட்டத்தில் எழுதப்பட்டதே வலித்தது.

இன அடிப்படையிலான விலக்குகள் 1920ஆம் ஆண்டு விதிகளில் பெரும்பாலும் நீக்கப்பட்டன. கோரிக்கையோ தொடர்ந்தது. 1930 ஜனவரியில் இர்வின் முன் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி ஒழிப்பும் மதுவிலக்கும் பலருக்கு நினைவிருக்கின்றன. கடைசிக் கோரிக்கை, தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம், மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, வழங்கப்பட வேண்டும் என்பது. 1918 வாக்கியம் போர்க்காலத் தந்திரம் மட்டுமே என்று முடிப்போர் இதற்கு விடை கூற வேண்டும். 1931 கராச்சித் தீர்மானமும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. அதற்கென வகுக்கப்படும் விதிகளுக்கும் வரையறைகளுக்கும் உட்பட்டு என்ற தொடருடன்.

அந்த உரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைக்கும் வாய்ப்பு 1948 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. அரசமைப்பு நிர்ணய சபையில் எச். வி. காமத் கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய அரசு ஆயுதங்களை மறுத்த சூழலில் எழுந்த கோரிக்கை அது. அச்சூழல் மறைந்துவிட்டது என்றார். எவரும் சந்தைக்குச் சென்று தாக்குதல் கருவிகளைத் தடையின்றி வாங்கலாம் எனில் அரசு நிர்வாகத்தை எவ்வாறு நடத்துவது என்று கேட்டார். அவரது விடையில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி ஒன்று உண்டு: மக்களாட்சியில் வலியுறுத்த வேண்டியது ஆயுதம் ஏந்தும் உரிமையை அன்று, அதை ஏந்தும் கடமையை, போர் வந்தால், நாட்டின் பாதுகாப்பு குலைந்தால், ஒவ்வொரு குடிமகனையும் அழைக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும். எத்தனையோ பொருள்களில் எதிரெதிர் நின்ற இருவர், முப்பதாண்டு இடைவெளியில், நடியாத் அறிக்கையின் வாதத்தருகே வந்து சேர்கின்றனர். இருவர் பார்வையிலும் ஆயுதம், குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான நம்பிக்கையின் பொருள். அரசைத் தடுத்து நிறுத்தும் வேலி அன்று.

காமத்தின் திருத்தம் தோற்றது. அடிப்படைச் சுதந்திரங்களைக் கூறும் 19ஆம் உறுப்பில் ஆயுதம் என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது: அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. சீக்கியர் கிர்பான் அணிவது 25ஆம் உறுப்பின் விளக்கத்தில், சமய உரிமையாக இடம்பெற்றது.

1878 சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. உரிமத்தை மறுக்கும் அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு கூறுகிறது. சென்னை மாநாட்டின் கோரிக்கையில் பாதி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. மறு பாதி நிறைவேறவில்லை. பொதுநலனுக்கு உகந்ததன்று எனக் கருதினால் அக்காரணத்தை விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்காமலே விடலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. விலக்குகளும் முற்றிலும் மறையவில்லை. பிரிட்டிஷாருக்குச் செய்த சேவைக்காகவும் காட்டிய விசுவாசத்துக்காகவும் 1861இல் குடகு மக்களுக்கு ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடப்பு அறிவிக்கையின்படி அது 2029 அக்டோபர் 31 வரை செல்லும்.