கோலிக்குண்டும் நியாய விசாரணையும்

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிப்பது புராதன வழக்கமேயாயினும், போதித்தது அவர்கள் மனத்தில் என்னவாயிற்று என்று முறைப்படி பரிசோதிக்கும் வழக்கம் மிகவும் இளையது. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் ஏறத்தாழ 11,000 சிறுவர் சிறுமியரைச் சோதித்து, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாகத் தம் முடிவுகளை வெளியிட்டனர். விடைத்தாள்களை வாங்கி ரகசியமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு சரியான விடைகளோடு அவற்றைத் திருப்பித் தந்து, பிள்ளைகளே மதிப்பெண் இட்டுக்கொள்ளும்படி விட்டு, தம் விடையை மாற்றி எழுதியவர் யாரென்று கண்டுபிடிப்பது அவர்கள் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. (நேர்மையை அளக்க வந்தவர்களே சற்று வஞ்சனை செய்ய நேர்ந்தது வேடிக்கைதான்!) ஓரிடத்தில் யோக்கியனாயிருந்த பிள்ளை வேறோரிடத்தில் ஏமாற்றினான்; ஏன் என்ற கேள்விக்கு அட்டவணைகளில் பதில் இல்லை.

இவ்வகை ‘ஏன்’ என்ற கேள்விகளைப் பிள்ளைகளிடமே கொண்டுபோனவர் மனோதத்துவ அறிஞர் ழான் பியாஜே. சுவிட்சர்லாந்தில் சிறுவர்களிடம் கோலிக்குண்டுகளைக் கொடுத்து, தமக்கு ஆட்டம் மறந்துவிட்டதென்று சொல்லி, அவர்களையே ஆசானாக்கிக் கற்றுக்கொண்டவாறே, இந்த விதிகளை யார் செய்தார்கள், இவற்றை மாற்றலாமா என்று மெல்ல விசாரித்தார். விதிகள் பெரியவர்கள் அருளியவை, மாற்றவொண்ணாதவை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன சின்னஞ்சிறுவர்களே ஆட்டத்தில் அவற்றை மனம்போனபடி மீறினர். எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்ற மூத்த பிள்ளைகளோ விதியை நுணுக்கமாக அனுசரித்தனர். உபதேசத்தை ஒப்பிப்பதும் அதன்படி நடப்பதும் வெவ்வேறு என்ற இவ்வுண்மை, ஆட்டத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் ஒருங்கே ஆராய்ந்ததால் அகப்பட்டது. 1932-இல் அந்த ஆராய்ச்சி நூலாயிற்று.

மனோதத்துவ அறிஞர் லாரன்ஸ் கோல்பெர்க் 1958-இல் சிகாகோவில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இம்முறையை விரித்தார். சாகக் கிடக்கும் மனைவிக்காக, விலை கொடுக்க இயலாத மருந்தைக் கணவன் திருடலாமா என்று கேட்டு, பதிலைக் காட்டிலும் அதற்குச் சொல்லும் நியாயத்தையே படிகளாக வகுத்தார். ஆனால் அவர் தொடக்கத்தில் விசாரித்த 72 பேரும் பையன்கள்.

பின்னர் இக்கதையைக் கேட்ட பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அவன் சிறைக்குப் போனால் மனைவியின் கதி என்ன, கடன் வாங்கலாமே, மருந்துக்காரரோடு பேசித் தீர்க்கலாமே என்றாள். கேட்டவர் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கவே, பாவம், அவள் பதில்கள் தடுமாறின. கோல்பெர்க்கின் படிகளில் அவள் தாழ்ந்தாள். அவள் சொன்ன வார்த்தைகள் முழுமையாகப் பதிவாகியிருந்தபடியால், 1982-இல் மனோதத்துவ அறிஞர் கரோல் கில்லிகன் அவற்றை எடுத்துக்காட்டி, அளக்கப்பட்டவளை விட்டு அளவுகோலையே விசாரணைக்கு உட்படுத்தினார். வெறும் மதிப்பெண்ணைக் குறித்து வைத்திருந்தால் அந்த மேல்முறையீட்டுக்கு வழியே இருந்திராது.