பிடிலும் பாஸ் கிட்டாரும்

நம் அம்பூரிக் குடியிருப்பு இளைஞர் பழைய மின்சார பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கிப் பழுதுபார்க்க முனைந்தபோது, அந்நிய வாத்தியம் நமக்கு எதற்கென்று கடிந்தோருள் யாமும் ஒருவர். வரலாற்றைப் புரட்டிய பின் அவ்வுறுதி தளர்ந்தது.

பிடிலும் மேனாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரம் அரசவையில் அதனை வாசித்துப் புகழ்பெற்றார். 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். மேனாட்டார் தோளில் தாங்கிய கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, தலைப்பகுதியை வலக்காலில் ஊன்றி, தந்திகளைச் சட்ச பஞ்சமங்களில் கூட்டி வாசிக்கலாயினர். மரம் மாறவில்லை, பிடிப்பும் சுருதியுமே மாறின.

பாஸ் கிட்டாரின் கதை வேறு. ஆளுயரப் பிடில் போன்ற டபுள் பாஸின் தாழ்சுரங்களை 1951இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் கிட்டார் வடிவில் அடக்கி, மெட்டுகளும் பதித்தார். மெட்டிருப்பின் சுரம் பிசகாது. ஆயின் தடித்த தந்தி கமகத்துக்கு எளிதில் வளையாது. மாண்டலினிலும் கமகத்துக்கு இடர் இருந்தது. சீனிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்சார மாண்டலினில் அதனை வென்றார். மெட்டில்லாத பாஸ் கிட்டார்களும் உள.

இளைஞர் மெட்டுகளைக் கழற்ற இசைவு கேட்டபோது யாம் தடுக்கவில்லை. பள்ளங்களை மரச்சீவல் வைத்து அடைத்து, வழுவழுப்பாகத் தேய்த்த பின்னரே தந்தி பூட்டுமாறு மட்டும் கூறினோம்.