நாட்பட்ட நோயும் குடும்பப் பராமரிப்பும்: பிரித்தானியச் சிறுபான்மை இனக்குழுக்கள் பற்றிய ஆய்வுகள்

ஐக்கிய இராச்சியத்தில் வாழும் தெற்காசிய, ஆப்பிரிக்க, கரிபிய, சைப்பிரசு வழிவந்த குடும்பங்களில் நீண்டகால நோயுற்றோரை யார் பேணுகின்றனர், எத்தகைய உதவியோடு பேணுகின்றனர் என்பதை ஆராயும் சமூகவியல் துறை 1980களிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. "அவர்கள் தம்மவரைத் தாமே பார்த்துக்கொள்வர்" என்று மருத்துவ, சமூக நலப் பணியாளர்களிடையே நிலவிய எண்ணம் எந்த அளவுக்கு உண்மை என்பதே இத்துறையின் மையக் கேள்வி எனலாம். வக்கார் அகமது, கார்ல் அட்கின் ஆகியோர் இத்துறையின் முக்கிய ஆய்வாளர்கள். இவர்கள் தொகுத்த இனமும் சமூகப் பராமரிப்பும் பற்றிய நூல் 1996இல் வெளிவந்தது.

பின்னணி

நாட்பட்ட நோயைச் சமூகவியல் நோக்கில் அணுகியவர்களுள் மைக்கேல் பரி குறிப்பிடத்தக்கவர். முடக்குவாத நோயாளிகளிடம் நேர்காணல் நடத்திய இவர், நோய் ஒருவரது வாழ்க்கைக் கதையையே இடையில் முறித்துவிடுகிறது என்று 1982இல் எழுதினார். எனினும் பிறவியிலேயே வரும் மரபு நோய்க்கு இக்கருத்து அப்படியே பொருந்துவதில்லை. அக்குழந்தைக்கு 'நோய்க்கு முந்தைய வாழ்க்கை' என்று ஒன்று இல்லை. முறிவு நேர்வது பெற்றோரின் வாழ்க்கையில்தான்.

1990ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவை மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம், நிறுவனங்களில் தங்க வைத்துப் பேணுவதைக் குறைத்து, வீட்டிலேயே பேணுவதை ஊக்குவித்தது. இதனால் குடும்பத்தினரின், குறிப்பாகப் பெண்களின், ஊதியமற்ற உழைப்பு அரசுக் கொள்கையின் அடித்தளமாகியது. 1995இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், பராமரிப்பாளர் தமது தேவைகளையும் மதிப்பிடுமாறு கோரும் உரிமையை வழங்கியது. ஆனால் கூட்டுக்குடும்பத்தில் வாழ்பவர்கள் என்று கருதப்பட்ட தெற்காசியருக்கு வெளியுதவி தேவைப்படாது என்ற எண்ணம் தொடர்ந்தது. 1962, 1971ஆம் ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் உறவினர் வந்து சேர்வதைக் கடினமாக்கின என்பதும், நகரங்களின் சிறிய வீடுகள் பெரிய குடும்பங்களுக்கு ஏற்றவையல்ல என்பதும் இவ்வெண்ணத்தில் இடம்பெறவில்லை.

பண்பாட்டின் மீது பழி போடும் போக்கும் அக்காலத்தில் இருந்தது. 1940களில் பிரித்தானிய மக்களிடையே என்புருக்கி நோயைத் தடுக்க மாசரினில் உயிர்ச்சத்து டி சேர்க்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆசியக் குழந்தைகளிடம் அதே நோய் காணப்பட்டபோதோ, அவர்களது உணவுமுறையையும் வாழ்க்கைமுறையையும் மாற்றும்படி பரப்புரை செய்யப்பட்டது. அதே நோய்க்கு இருவகை மருந்து என்று இதனை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர்.

அரிவாள் உயிரணு நோயும் தலசீமியாவும்

இத்துறையின் செறிவான ஆய்வுகள் இவ்விரு குருதி நோய்களைப் பற்றியவை. இரண்டும் ஈமோகுளோபின் மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் வருபவை. தாய், தந்தை இருவரும் மாறிய மரபணுவைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். மலேரியா பரவிய நிலப்பகுதிகளின் மக்களிடம் இம்மரபணுக்கள் மிகுதி. எனவே இதனை ஒரு 'கறுப்பின நோய்' என்பது தவறு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் உயிரணுப் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகியோர் 1952இலேயே வெளியிட்டிருந்தனர்.

அரிவாள் உயிரணு நோயில் சிவப்பணுக்கள் வளைந்து நுண்குழாய்களை அடைப்பதால் திடீரெனக் கடும் வலி உண்டாகிறது. இதன் வரவை முன்கூட்டியே கணிக்க இயலாது. தீவிரத் தலசீமியாவின் தன்மை வேறு. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதியேற்றம் செய்ய வேண்டும். அதனால் உடலில் தேங்கும் இரும்பை அகற்றாவிட்டால் இதயமும் கல்லீரலும் பழுதடையும். விழுங்கும் மருந்துகள் வருமுன், வாரத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகளில் தோலுக்கடியில் ஊசி செருகி, சிறு பம்பு மூலம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்து செலுத்துவதே வழியாக இருந்தது. ஊசியைச் செருகியவர் பெரும்பாலும் தாயே.

பிறந்த குழந்தைகளிடம் பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய நோயைக் கண்டறியும் சோதனை பிரித்தானியாவில் 1969 முதல் நாடு முழுவதும் நடந்து வந்தது. அதைவிடப் பன்மடங்கு மிகுதியாக அரிவாள் உயிரணு நோயுடன் குழந்தைகள் பிறந்தும், அதற்கான சோதனை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபட்டது. முந்தைய நோய் வெள்ளையரிடையே காணப்படுவது என்பதை ஆர்வலர்கள் நினைவூட்டினர். 1976இல் தலசீமியா சங்கமும் 1979இல் அரிவாள் உயிரணு சங்கமும் தோன்றின. 1979இல் இலண்டனின் பிரெண்ட் பகுதியில் நாட்டின் முதல் அரிவாள் உயிரணு ஆலோசனைச் செவிலியராகப் பணி தொடங்கிய எலிசபெத் அனியன்வு இவ்வியக்கத்தின் முன்னணியில் இருந்தார். இவர் அட்கினுடன் சேர்ந்து இந்நோய்களின் அரசியலைப் பற்றி எழுதிய நூல் 2001இல் வெளியானது. இங்கிலாந்து முழுவதற்குமான பச்சிளங்குழந்தைச் சோதனை 2006இல்தான் நிறைவடைந்தது.

வீட்டினுள் நடப்பவை

அகமதும் அட்கினும் இந்நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரிடமும், பின்னர் இளைஞர்களிடமும் விரிவான நேர்காணல்கள் நடத்தி, 2000ஆம் ஆண்டையொட்டிப் பல கட்டுரைகளை வெளியிட்டனர். பராமரிப்பின் பெரும்பங்கு தாயின் மீதே விழுவதை இவை காட்டின. தந்தையின் பங்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, முடிவுகளில் துணை நிற்பது என்ற அளவில் அமைந்தாலும், அது இல்லாத வீட்டில் தாயின் தனிமை கடுமையாக இருந்தது. உறவினரின் நிலை இருவகைப்பட்டது. சிலர் மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். வேறு சில குடும்பங்களில் நோய்க்குத் தாயே காரணம் என்ற குற்றச்சாட்டு கணவன் வீட்டாரிடமிருந்து வந்தது. இருவரிடமிருந்தும் மரபணு வந்தாலொழிய இந்நோய் வராது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இரவுப் பம்பு பற்றிய பகுதி இவ்வாய்வுகளுள் மிகவும் பயனுள்ளது. சிறுவயதில் பெற்றோர் சொற்படி ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் பதின்வயதில் அதனைத் தவிர்க்கத் தொடங்குகின்றனர். நண்பர் வீட்டில் தங்க முடியாமை, ஊசி குத்திய இடத்தின் வீக்கம், பிறரைப்போல் இருக்க வேண்டும் என்ற ஆசை என்பன காரணங்கள். ஓரிரவு தவிர்த்தால் உடனே எதுவும் நேர்வதில்லை. தீங்கு பல ஆண்டுகள் கழித்தே தெரியும். ஆதலால் கண்டிப்பதா விட்டுக்கொடுப்பதா என்ற பெற்றோரின் தவிப்பை 'ஒத்துழையாமை' என்ற மருத்துவச் சொல் மறைத்துவிடுகிறது.

பெற்றோரின் குறைகளுள் முதன்மையானது மருத்துவப் பணியாளரின் அறியாமை. வலியால் துடிக்கும் பிள்ளையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லும் தாய், அங்கு நோயைப் பற்றி விளக்க வேண்டியவளாகிறாள். மார்பின் கேட்கும் கறுப்பின இளைஞர் போதைக்கு அடிமையானவராக ஐயுறப்பட்டனர். ஆங்கிலம் அறியாத தாய்மாருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காதபோது கணவரோ, சில வேளைகளில் பிள்ளையோ பேச வேண்டியதாயிற்று.

உறவுத் திருமணமும் கருக்காலச் சோதனையும்

பாக்கித்தானிய வழிவந்தோரிடம் தலசீமியா காணப்பட்டால் மருத்துவர்கள் உறவுத் திருமணத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். ஒடுங்கிய மரபணு நோய்களின் வாய்ப்பை அது கூட்டுவது உண்மையே. ஆயினும் நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கமில்லாத சைப்பிரசு மக்களிடமும் தலசீமியா மிகுதி. சமய நம்பிக்கையால் இவர்கள் சோதனையை ஏற்கமாட்டார்கள் என்ற எண்ணமும் நிலவியது. பெர்னடெட் மாடல் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுத்தது. கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே சோதனை வழங்கப்பட்டபோது பாக்கித்தானியப் பெண்களிற் பெரும்பாலோர் ஏற்றனர்; காலந்தாழ்த்தி வழங்கப்பட்டபோது ஏற்போர் குறைந்தனர். பலருக்கு உரிய காலத்தில் அது வழங்கப்படவேயில்லை.

பிற ஆய்வுகளும் விமர்சனமும்

சாவிதா கட்பம்னாவும் உடனாய்வாளரும் 2004இல் வெளியிட்ட கட்டுரை, தெற்காசியப் பராமரிப்பாளருக்குக் கூட்டுக்குடும்பத்திற்குள்ளேயே கிடைத்த உதவி குறைவு என்று காட்டியது. குடும்பத்தார் உடனிருப்பதும் உதவுவதும் ஒன்றல்ல. பராமரிப்பாளர் ஆணாயின் சுற்றத்தார் முன்வருவதும், பெண்ணாயின் அது அவள் கடமையாகக் கொள்ளப்படுவதும் இதிற் பதிவாயின.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான நேர்காணல்களைச் சார்ந்தவை. 'தெற்காசியர்' என்ற ஒரே சொல்லில் குசராத்தி வணிகக் குடும்பத்தையும் வங்கதேச உணவகத் தொழிலாளர் குடும்பத்தையும் அடக்குவதால் வருவாய், வீட்டுவசதி, குடியேறிய காலம் ஆகியவற்றின் வேறுபாடுகள் மறைகின்றன என்ற விமர்சனமும் உண்டு. ஊதியமற்ற பராமரிப்பு பற்றிய வினா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2001இல்தான் முதன்முதலாக இடம்பெற்றது.

பிற்கால நிலை

பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று 2021இல் அரிவாள் உயிரணு நோயாளிகளின் பராமரிப்புக் குறைபாடுகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, 'எவரும் செவிசாய்க்கவில்லை' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டிருந்தது. பணியாளரின் அறியாமையும் வலியை நம்பாமையும் அதிலும் இடம்பெற்றன. இரு நோய்களுக்குமான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் ஐக்கிய இராச்சியம் ஒப்புதல் அளித்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் தலசீமியாவுக்கு 2024இலும் அரிவாள் உயிரணு நோய்க்கு 2025இலும் இது பரிந்துரைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அப்பரிந்துரைகளில் அடங்கவில்லை.