காதலும் துயிலின்மையும்: மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

கி.பி. 162இல் றோம் நகருக்கு வந்த கிரேக்க மருத்துவர் கேலன், தாம் கண்ட நோயாளர் சிலரின் வரலாறுகளை, நோயின் போக்கை முன்னறிதல் பற்றி எழுதிய நூலொன்றிலே பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்று ஜஸ்ரஸ் என்பானின் மனைவியைப் பற்றியது. அப்பெண் இரவு முழுவதும் உறங்காது, ஒரு நிலையிற் கிடவாது புரண்டு புரண்டு கிடக்கின்றாள் என்று கூறி அவரை அழைத்துச் சென்றனர். காய்ச்சல் இல்லை. உறக்கமின்மைக்குக் காரணம் யாதென வினவிய போது அவள் அரைகுறையாகவே விடை கூறினாள். ஈற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போர்வையால் உடலை மூடித் தலையணையிலே முகம் புதைத்தாள். உடலிற் கருப்பித்தம் மிகுந்திருத்தல் வேண்டும், அன்றேல் வாய்விட்டுச் சொல்லவியலாத துயரொன்று உள்ளத்தில் இருத்தல் வேண்டும் எனக் கேலன் கருதினார்.

விடை தற்செயலாகவே கிடைத்தது. ஒருநாள் அவர் அங்கிருக்கையில், அரங்கிலிருந்து வந்த ஒருவர் பைலாடிஸ் என்னும் கூத்தன் ஆடியதைக் கண்டதாகக் கூறினார். அவ்வளவில் அவளது முகமும் நிறமும் மாறின. கேலன் மணிக்கட்டிற் கை வைத்தார். நாடி ஒழுங்கு குலைந்திருந்தது. மறுநாள், வேறொரு கூத்தன் ஆடுகின்றான் என ஒருவரைக் கொண்டு சொல்லுவித்தார், நாடி மாறவில்லை. அதற்கடுத்த நாள் மூன்றாம் கூத்தனின் பெயர் சொல்லப்பட்டது, அப்போதும் மாற்றமில்லை. மீண்டும் பைலாடிஸின் பெயரைக் கூறுவித்தபோது நாடி முன்போலவே கலங்கியது. ஐயம் நீங்கியது.

இந்நிகழ்ச்சியை மருத்துவ நுண்மதிக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். அவ்வாறு கொள்வதில் தவறில்லை. ஒரு பெயரை மாத்திரம் சோதியாது, வேறு பெயர்களையும் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தமை உண்மையிலேயே போற்றற்குரியது. ஆயினும் அப்பெண்ணின் நிலையிலிருந்து நோக்குவார் அரியர். கி.மு. 18இல் அகஸ்தஸ் இயற்றிய சட்டத்தின்படி மணமான பெண் பிறனொருவனோடு உறவு கொள்ளுதல் தண்டனைக்குரிய குற்றம். கூத்தரோ அச்சமூகத்தில் மதிப்பிழந்த தொழிலினர். போர்வையுள் முகம் மறைத்தவள் வெறும் நாணத்தால் மறைத்தாள் அல்லள். அவள் மறைத்ததை அவளது உடலே மருத்துவனிடம் ஒப்புவித்துவிட்டது. கேலனின் நூலில் கணவன் பெயர் உண்டு. கூத்தன் பெயரும் உண்டு. அவள் பெயர் இல்லை. பின்னர் அவள் உறங்கினாளா என்பதையும் அந்நூல் கூறவில்லை.

கேலனுக்கு முன்னோடியாகக் கூறப்படுபவர் எராசிஸ்திராதஸ். சிரியாவை ஆண்ட செலூக்கஸ் மன்னனின் மகன் அந்தியோக்கஸ், தன் சிற்றன்னையாகிய ஸ்திராதொனீக்கே மீது கொண்ட காதலால் நலிந்து கிடந்ததை அம்மருத்துவர் கண்டறிந்தார் என்பது பழைய வழக்கு. மன்னன் தன் மனைவியையே மகனுக்கு மணம் செய்து கொடுத்தான். அரசகுமாரனுக்குக் கிடைத்த இம்மருந்து ஜஸ்ரஸின் மனைவிக்குக் கிடைத்திருக்க இயலாது. காதலுக்கெனத் தனியான நாடித்துடிப்பு ஒன்று இல்லை என்றும், கலங்கிய உள்ளமே நாடியைக் கலக்குகின்றது என்றும் கேலன் கொண்டார். தம் எசமானுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிவந்த ஓர் அடிமை, பணம் குறைவதை எண்ணி உறக்கமின்றி வாடியதையும் அவர் உடன்வைத்தே பேசுகின்றார். கடன்பட்டவரும் காதல்வயப்பட்டவரும் ஒரே அதிகாரத்துள் அடங்கியமை சுவையானதே.

இக்கருத்து அரபு மருத்துவத்தில் மேலும் விரிந்தது. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது ‘கானூன்’ நூலில் காதலை மூளைநோய்களுள் வைத்து, பெயர்களைச் சொல்லி நாடி பார்க்கும் முறையையும் விளக்கினார். கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸாரின் நூலை 11ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்தீனுஸ் இலத்தீனில் ஆக்கியபின், குழிவிழுந்த கண்ணும் துயிலின்மையும் காதல்நோயின் குறிகளாக ஐரோப்பிய மருத்துவக் கல்வியிலும் இடம்பெற்றன. மது, இசை, நண்பரோடு உரையாடல் முதலியன மருந்துகளாக விதிக்கப்பட்டன.

கேலன் வாழ்ந்த காலத்தை ஒட்டியதாகப் பலராலும் கொள்ளப்படும் சங்க இலக்கியத்திலும் இதே வினா எழுகின்றது: உறங்காத பெண்ணின் நோய்க்குப் பெயரிடுபவர் யார்? மகளின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைக்கின்றாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது எனக் கூறி வெறியாடுகின்றான். கேலனின் கை உண்மையைத் தொட்டது. வேலனின் கழங்கு தொடவில்லை. ஆயின் அந்தத் தவறே அகப்பாடல்களின் உயிர்நாடி. குறுந்தொகை 362ஆம் செய்யுளில், நீ கொடுக்கும் பலியை இவளது தலைவனின் மார்பும் உண்ணுமோ என வேலனையே வினவும் குரல் ஒலிக்கின்றது. உண்மையை அறிந்தவள் தோழி. அதனை எப்போது, யாரிடம் வெளியிடுவது என்பதைத் தலைவியோடு கலந்தே அவள் முடிவு செய்கின்றாள். அறத்தொடு நிற்றல் என்னும் துறை இதற்கென்றே அமைந்தது. கொல்லன் அழிசியின் குறுந்தொகைப் பாடலொன்றில் (138) ஊர் முழுவதும் உறங்கியபின்னும் தாம் உறங்காது, நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டிருந்ததாகக் குறிவழுவிய தலைவனுக்கு உணர்த்தப்படுகின்றது. இங்கு துயிலின்மை பிறர் கண்டுபிடிக்கும் நோய்க்குறி அன்று. உடையவரே எடுத்துரைக்கும் முறையீடு. இப்பாடல்களுட் பல ஆடவர் யாத்தவை என்பதும், இவை இலக்கிய மரபேயன்றி வாழ்க்கைப் பதிவுகள் ஆகா என்பதும் மறக்கற்பாலன அல்ல.

மேலை மருத்துவ மரபு ஒன்றைக் காணத் தவறியது. நிறைவேறாத காதலே உறக்கத்தைக் கெடுக்கும் என அது பெரிதும் எண்ணியது. ஆதலாற்றான் கூட்டமே தலைசிறந்த மருந்தென இப்னு சீனாவும் கூறினார். வள்ளுவரோ கண்விதுப்பழிதல் அதிகாரத்தில், காதலர் வாராதபோதும் கண்கள் உறங்குவதில்லை, வந்தபோதும் உறங்குவதில்லை எனத் தலைவியைக் கூறவைக்கின்றார். 2007இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் சிலர், அண்மையில் தீவிரமாகக் காதல்வயப்பட்ட இளைஞரின் உறக்கத்தைக் காதல்வயப்படாத இளைஞரின் உறக்கத்தோடு ஒப்பிட்டனர். காதல்வயப்பட்டோர் குறைவாகவே உறங்கினர். எனினும் தம் உறக்கம் நன்றாயிருந்ததாகவும், காலையில் மனம் உற்சாகமாயிருந்ததாகவும் அவர்கள் குறித்திருந்தனர்.