நன்னீர் தேடி நகர்ந்த தீவுமக்கள்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகையின் இருமருங்கிலும் சிதறிக் கிடக்கும் கில்பர்ட் தீவுகளின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், முதலில் அங்குள்ள சேம்புக் குழி ஒன்றை எட்டிப் பார்க்க வேண்டும். பவளப்பாறைத் துகளாலான அத்தீவுகளில் ஆறும் இல்லை, அருவியும் இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறிநிற்கும் கடல்நீரைவிடக் கனம் குறைந்ததாகையால், அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அந்த ஜலமட்டம்வரை குழி தோண்டி, ‘பபாய்’ என்னும் பெருஞ்சேம்பை நட்டு, அதன் அடியைச் சுற்றி ஓலையால் அணைகட்டி, உள்ளே சருகையும் மண்ணையும் இட்டு, ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு வளர்ப்பார்கள். மழை பொய்த்தால் படலம் சுருங்கும், உப்பு மேலேறும், பாட்டன் தோண்டிய குழியில் பேரன் நட்ட செடி அழுகிப்போகும். பிறகு தாழம்பழமும், தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரும், மீனுமே கதி.

1930-களில் தென் கில்பர்ட் தீவுகளில் ஜனத்தொகை பெருகி, நிலம் துண்டுதுண்டாகப் பிரிந்து, வறட்சியும் சேர்ந்துகொண்ட வேளையில், ஆங்கிலேயப் பரிபாலன உத்தியோகஸ்தரான ஹாரி மாட் என்பவர் கிழக்கே ஜனசஞ்சாரமற்றிருந்த ஃபீனிக்ஸ் தீவுகளை 1937-இல் தீவுமக்களின் பிரதிநிதிகளோடு சென்று பார்வையிட்டு வந்தார். மறு ஆண்டின் இறுதியிலேயே சிட்னி, ஹல், கார்ட்னர் ஆகிய மூன்று தீவுகளில் குடியேற்றம் தொடங்கிற்று. குடியேறியவர்கள் அவற்றை மன்ரா, ஒரோனா, நிக்குமரோரோ என்று தங்கள் பாஷையில் அழைத்தார்கள். பசித்த ஜனங்களுக்கு நிலம் தர வேண்டுமென்ற மாட் அவர்களின் கருணை மெய்யானதே. எனினும் அதே காலத்தில் ஆகாயவிமானங்கள் இறங்குவதற்கேற்ற தீவுகளின்மேல் அமெரிக்கா கண் வைத்திருந்ததும், பக்கத்திலுள்ள கான்டன் தீவை 1939-இல் இரு வல்லரசுகளும் கூட்டாக ஆள உடன்பட நேர்ந்ததும், ஆளில்லாத் தீவில் ஆளைக் குடியேற்றினால் கொடிக்கு உரிமை வலுப்படும் என்ற எண்ணம் லண்டனில் இருந்ததும் மறைக்கக்கூடியவை அல்ல.

குடியேற்றத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஜெரால்டு காலகர், தம்மைக் கவனியாமல் உழைத்து, 1941-இல் இருபத்தொன்பதாம் வயதில் கார்ட்னர் தீவிலேயே நோயுற்று இறந்தார். அதன்பின் யுத்தம் வந்தது. கப்பல் வரவு குறைந்தது. கொப்பரை விற்பதும் அரிசி வாங்குவதும் சிரமமாயின. எந்த வறட்சிக்கு அஞ்சி மக்கள் புறப்பட்டார்களோ, அதே வறட்சி அங்கும் தொடர்ந்து வந்து கிணறுகளை உப்பாக்கியது. 1963-க்குள் மூன்று தீவுகளும் காலிசெய்யப்பட்டன.

இம்முறை அவர்கள் அனுப்பப்பட்ட இடம், மேற்கே வெகுதூரத்திலுள்ள சாலமன் தீவுகள்: கீஸோவும் வாகினாவும். அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் கில்பர்ட் தீவுகள் அறியாத மலேரியாக் காய்ச்சல் இருந்தது. அறியாத அடர்ந்த காடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்க ஏடுகளில் அரசு நிலமென்று எழுதப்பட்டிருந்த பூமியைத் தங்கள் முன்னோர் சொத்தென்று கருதிய பூர்வகுடிகள் இருந்தார்கள். அக்காலத்தில் இரண்டு பிரதேசங்களும் ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ் இருந்தமையால், ஓர் அலுவலகத்தின் உத்தரவே போதுமானதாக இருந்தது; அடைக்கலம் தரும் ஜனங்களின் சம்மதத்தைத் தேடிப் பெற வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. 1978-இல் சாலமன் தீவுகளும், 1979-இல் கிரிபாஸ் என்ற பெயரோடு கில்பர்ட் தீவுகளும் சுதந்திரம் பெற்றபோது, ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு தேசங்களின் பிரஜைகளாயின. நிலத்தகராறு மட்டும் அப்படியே நின்றது.

2007 ஏப்ரல் 2 அன்று, பூகம்பத்தைத் தொடர்ந்து கடல் உள்வாங்கிய கணத்தில், கீஸோப் பக்கத்துப் பூர்வகுடிகள் முன்னோர் சொல்லை நினைந்து மேட்டை நோக்கி ஓடினார்கள். அந்த ஞானம் வழிவழியாக வந்திராத கில்பர்ட் குடியிருப்புகளில், வற்றிய கரையில் என்ன இருக்கிறதென்று பார்க்கச் சென்றவர்கள் உண்டு. மாண்டவர் ஐம்பதுக்குச் சற்று மேல்; அவர்களில் குடியேறியவர்களின் பங்கு அவர்கள் தொகைக்கு மிகவும் அதிகம். மனிதரைக் கப்பலில் ஏற்றி இடம் மாற்றிவிடலாம். ஒரு கடற்கரையைப் பற்றிய அறிவை அக்கரையாரே மனமுவந்து சொல்லித்தர வேண்டும் என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் கற்றிருக்க முடியாது.

இன்று கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில், அந்தப் பழைய பிரச்சினை சர்வதேச சபைகளின் முன் வந்து நிற்கிறது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, கொடுமைக்கு அஞ்சி ஓடுபவரையே காக்கிறது. உப்பேறிய கிணற்றுக்கு அஞ்சி வருபவர் அதன் வரையறைக்குள் வருவது அரிது. நார்வேயும் ஸ்விட்சர்லாந்தும் 2012-இல் தொடங்கிய நான்சன் முயற்சியின் பயனாக, எல்லை கடந்து இடம்பெயர்வோரைக் காக்கும் திட்டத்தை 2015-இல் ஜெனிவாவில் நூற்றுக்கு மேற்பட்ட அரசுகள் ஆதரித்தன. இதனிடையே 2014-இல் கிரிபாஸ் அரசு ஃபிஜியின் வனுவா லேவு தீவில் ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒரு திருச்சபையிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. அந்த நிலத்திலும் ஏற்கெனவே ஒரு கிராமம் இருந்தது: தோட்டவேலைக்காக ஃபிஜிக்குக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவினரின் சந்ததியார் வாழும் கிராமம்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் கையெழுத்திட்ட ஃபலெபிலி ஒப்பந்தத்தை இந்த நெடுங்கதையின் ஒளியிலேயே நான் படிக்கிறேன். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் வந்து வாழவும், படிக்கவும், வேலை செய்யவும் அது வழி திறக்கிறது. கடல் எவ்வளவு ஏறினாலும் துவாலுவின் தேசத்தன்மை நீடிக்கும் என்று ஒப்புக்கொள்கிறது. இவை பெரிய காரியங்கள். அதே பத்திரத்தில், துவாலு பிற தேசங்களோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொள்ள ஆஸ்திரேலியாவின் இணக்கம் வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கிறது. மன்ராவிலும் ஒரோனாவிலும் கருணையோடு கொடியும் சேர்ந்து இறங்கியதை அறிந்தவருக்கு இந்த ஷரத்து சஞ்சலத்தைத் தராமல் இராது. அடைக்கலத்துக்கு ராஜதந்திர விலை வைப்பது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். அதே மாதத்தில் பசிபிக் தீவுகளின் தலைவர்கள் ஒரு பொதுவான வழிகாட்டுமுறையையும் ஏற்றுக்கொண்டார்கள். சொந்த மண்ணிலேயே இருக்க விரும்புவோரின் உரிமையையும், புறப்படுவோரின் கௌரவத்தையும், அவர்களை ஏற்கும் ஊராரின் நலத்தையும் அது சேர்த்தே பேசுகிறது. சட்டமாக அது எந்த அரசையும் கட்டுப்படுத்துவதில்லை.